மாலை போட்டவர் காய்ச்சிய பீர்

பூபாலனுக்கு முருகன் மேல் ஒரே ஒரு வருத்தம்தான். கேட்டதைக் கொடுத்தார், சரி. எந்த மாதத்தில் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம். கொஞ்சம் யோசித்தால் அதிலும் தப்பு பூபாலன் மேல்தான். சாமியிடம் வேண்டிக்கொள்ளும்போது காலண்டரைப் பார்த்து வேண்டிக்கொள்ள வேண்டும் என்கிற அறிவு அவனுக்கு இருந்ததில்லை. மற்ற விஷயங்களிலும் அறிவு அப்படித்தான் என்பதை அவனே முதல் ஆளாகக் கையைத் தூக்கி ஒப்புக்கொள்வான்.

பள்ளிப்பட்டுப் பக்கம் லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்தவன். தறியில் உட்கார்ந்தால் நாடா ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். இது தேறாது என்று வீட்டில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே, கண்ணெதிரே பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டிகளில் பீர் காய்ச்சி, அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற ஒரு பப்பில் வேலை கிடைத்தது. ஊரில் கேட்டவர்களிடம் பீர் காய்ச்சுகிற வேலை என்று சொல்லிக்கொண்டான். உண்மையில் தொட்டி கழுவுகிற வேலை. வட்ட வாசலில் தலையை விட்டு உள்ளே நுழைந்து, கையில் பிரஷ்ஷோடு தேய்த்துவிட்டு வெளியே வர வேண்டும். பல வருஷம் தேய்த்தான். தேய்த்துத் தேய்த்து, இந்தத் தொட்டியில் போன வாரம் என்ன காய்ச்சினார்கள் என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடுவான். ஆனால் அவனை யாரும் கேட்டதில்லை.

அங்கே தலைமை ப்ரூவராக, அதாவது காய்ச்சுகிறவர்களுக்கெல்லாம் பெரிய ஆளாக இருந்தவர் ஜெபஸ்டின். அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான், திருத்தணிக்காரர். ஊர்க்காரன் என்ற பாசத்தில், கழுவுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் பக்கத்தில் நிற்க விட்டார். பூபாலன் நின்றான், பார்த்தான், கற்றுக்கொண்டான். பிறகு அந்த பப்பை மூடிவிட்டார்கள். ஜெபஸ்டின் இன்னொரு பெரிய இடத்துக்குப் போனார். பூபாலன் ஊருக்கு வந்து, கே.ஜி.கண்டிகை போகிற வழியில் குடிதண்ணீர் கேன் நிரப்புகிற ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டச் சேர்ந்தான். மனைவி பிரபாவதி வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்தாள். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு மாடி வீடு, வாடகைக்கு.

கற்ற வித்தை சும்மா இருக்குமா? பூபாலனுடையது இருக்கவில்லை. பெங்களூரிலிருந்து முளைகட்டிய பார்லியும், ஈஸ்ட்டும், பச்சை உருண்டைகளாக இடித்து அடைத்த ஹாப்ஸ் என்கிற பூவும் வரவழைத்தான். ஓட்டை விழாத தண்ணீர் கேனுக்கு மூடியில் துளை போட்டு, ஒரு குழாயைச் செருகி, நுரைக்க வைத்தான். நம் மாநிலத்தில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் கொடுப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதனால் தெருவில் யாராவது வாசனை பிடித்துக் கேட்டால் மூட்டுவலிக்குக் கஷாயம் என்றான். யாருக்கு மூட்டுவலி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாவாவைக் காட்டியிருப்பான்.

பாவா என்றால் தணிகைமணி, பூபாலனுடைய அக்காள் புருஷன். ஆட்டோ ஓட்டுகிறவர். சித்திரையில் பூபாலன் காய்ச்சிய பேல் ஏலில் பெரும்பகுதி அவர் வயிற்றுக்குள்தான் போனது. பேல் ஏல் என்பது பொன்னிறத்தில், அளவான கசப்போடு இருக்கிற ஒரு ரகம். அதில் கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸ் போட்டிருந்தான். மூடியைத் திறந்தால் ஆரஞ்சுத்தோலைக் கிள்ளின வாசனை வரும். அந்தத் தடவை கடைசியில் எண்ணிப் பார்த்தபோது இரண்டு பாட்டில் குறைந்தது. பாவா மேல் சந்தேகப்பட்டான். பாவா மலையைப் பார்த்துச் சத்தியம் செய்தார். பூபாலன் நம்பவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு கிருத்திகையன்று பூபாலன் மலையேறிப் போய், ஜெபஸ்டின் அண்ணனிடமிருந்து ஒரு நல்ல சேதி வந்தால் ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டுப் புஷ்பக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். முருகன் ரொம்ப நாள் காக்க வைக்கவில்லை. அந்த வாரமே ஜெபஸ்டின் கூப்பிட்டார். துணை ப்ரூவர் வேலை ஒன்று காலியாகிறது, உன் பேரைச் சொல்லலாம் என்று இருக்கிறேன், ஆனால் தொட்டி கழுவினவன் என்றுதான் இங்கே உன்னை நினைப்பார்கள், அதனால் நீ காய்ச்சினது இரண்டு பாட்டில் ஆடி முடிவதற்குள் வர வேண்டும் என்றார். அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"அது இன்னா ரகம்னு ஸ்டிக்கர்ல நீயே எழுதி அனுப்பு. தான் காய்ச்சினது இன்னான்னு தனக்கே தெரியாதவன் ப்ரூவர் இல்ல பூபாலா."

பூபாலனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. ப்ரூவர் என்ற சொல்லைத் தன் பேரோடு சேர்த்து அன்றுதான் முதல் முறையாகக் கேட்டான். அந்த வாக்கியத்தில் 'இல்ல' என்றும் ஒரு சொல் இருந்தது அவன் காதில் ஏறவில்லை.

பழைய ஹாப்ஸ் தீர்ந்துவிட்டிருந்தது. கேஸ்கேட் கேட்டால், கையிருப்பு இல்லை என்று கடைக்காரன் செக் நாட்டு ஹாப்ஸ் ஒரு பாக்கெட் அனுப்பினான். அதற்குப் பேர் சாஸ். வாசனை சாதுவாக இருந்தது, அறுத்த புல்லில் லேசாக மிளகைத் தட்டிப் போட்டதுபோல. பூபாலன் மற்றதெல்லாம் பழையபடியே வைத்து, ஹாப்ஸை மட்டும் மாற்றிக் காய்ச்சினான். காய்ச்சி முடித்ததும்தான் மண்டைக்குள் குடைச்சல் ஆரம்பித்தது. இது இன்னும் பேல் ஏல்தானா? சாம்பாரில் முருங்கைக்காய்க்குப் பதில் முள்ளங்கி போட்டாலும் அது சாம்பார்தான். புளிக்குப் பதில் மோரை ஊற்றினால் அது வேறு குழம்பு, பேரே வேறு. ஹாப்ஸ் முருங்கைக்காயா, புளியா? குடித்துப் பார்த்தால் ஒரு வாயில் தெரிந்துவிடும். தயாரானதும் குடித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாகக் கேனை மூடினான்.

மறுநாள் ஆடி பிறந்தது. காலண்டரில் கிருத்திகை எப்போது என்று முன்பே பார்த்து வைத்திருந்தான். சில நாளில் வந்துவிடுகிறது. மாலை போட்டு, காவடி எடுத்து, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாலும் கேனில் நுரை அடங்கியிருக்காது. என்ன ஒரு கணக்கு என்று தன்னையே மெச்சிக்கொண்டு, மஞ்சள் வேட்டி கட்டி, கோயிலில் மாலை போட்டுக்கொண்டான். பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டிருந்த ஆர்.கே.பேட்டைக்காரர், இந்த ஆடியில் இரண்டு கிருத்திகை வருகிறது, காவடியும் தெப்பமும் கடைசியில் வருகிற இரண்டாவதுக்குத்தான், ஆகவே மாசம் பூரா விரதம்தான் சாமி என்று சந்தோஷமாகச் சொன்னார்.

காலண்டரில் முதல் கிருத்திகையைக் கண்டதும் பூபாலன் தாளைத் திருப்புவதை நிறுத்தியிருந்தான். போட்ட மாலையைக் கழற்ற முடியாது. ஜெபஸ்டின் சொன்ன கெடுவோ ஆடியோடு முடிகிறது, கிருத்திகை கழிந்து குடித்துப் பார்த்து அனுப்ப நாள் இருக்காது. வேலை கிடைக்க வேண்டும் என்று போட்ட மாலை, வேலைக்கு வேண்டிய அந்த ஒரு வாய் பீரை மாசம் பூரா தொடவிடாது. இப்படி ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்ளத் தனித் திறமை வேண்டும் என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தால் பிரபாவதி வாசலிலேயே நின்றாள். பூஜை நடக்கிற வீட்டுக்குள் அந்தக் கேன் இருக்கக் கூடாது என்றாள். நியாயம்தான். அதுவரை கேன் உள்ளறையில் தண்ணீர்த் தொட்டிக்குள், ஈரச்சாக்கு போர்த்திக்கொண்டு, குளிர்ச்சியாக இருந்தது. நுரை பொங்க ஆரம்பித்த முதல் நாள். பூபாலன் அதைத் தூக்கித் தோளில் வைத்து, மாடியில் தகர ஷெட்டில் கொண்டுபோய் வைத்தான். ஆடிக்காற்றுதான் அடிக்கிறதே, மேலே சிலுசிலுவென்று இருக்கும் என்று நினைத்தான். தகரத்துக்கு அது தெரியவில்லை. தன் பக்தியை நினைத்து அவனுக்கே கண் கலங்கியது.

காய்ச்சுகிறவன் மாலை போட்டுக்கொண்டு பீரைத் தொடலாமா? தொடலாம், குடிக்கத்தான் கூடாது என்று அவனே ஒரு சட்டம் போட்டான். தொட்ட பிறகு குளித்துவிட வேண்டும் என்று ஒரு திருத்தமும் சேர்த்தான். பாட்டிலில் அடைக்கிற அன்று, மோந்து பார்ப்பது குடிப்பதில் சேராது என்று இன்னொரு திருத்தம் போட்டுக் கேன் வாய்க்கு மேல் குனிந்தபோது, பின்னால் துணி காயப்போட வந்த பிரபாவதி நின்றாள்.

"மாலை கழுத்துக்கு மட்டும்தானா சாமி? மூக்குக்குப் போடலயா?"

பூபாலன் நிமிர்ந்துவிட்டான். மாலை போட்டவர்களைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டின மனைவியும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். ஆனால் பிரபாவதி சாமி என்னும்போது மட்டும் அது அபராதம் விதிப்பதுபோல இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டே பாட்டில்களை நிரப்பினான். கண்ணுக்கு நிறம் தெரிந்தது, நுரை தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே, தனக்கு வாய் இல்லாததால் மற்றவர்கள் வாயை இரவல் வாங்குவது என்று முடிவு செய்தான். நியாயமான யோசனைதான். அந்த மாசத்தில் அவன் செய்த யோசனைகளிலேயே இதுதான் நியாயமானது. நாசமாகப் போனதும் இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடிக்கு இரண்டு பேரை வரவழைத்தான். ஒருவர் பாவா. இன்னொருவன் யோபு, தண்ணீர் கம்பெனியில் கூட வேலை செய்கிறவன், ஜெபஸ்டினுக்குச் சித்தப்பா மகன். யோபு சர்ச்சுக்குப் போகிற ஆள். அடுத்தவர் விரதத்துக்கு மரியாதைக் குறைவு வந்துவிடக் கூடாது என்று, மாலை போட்ட நாளிலிருந்து பூபாலனிடம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பயபக்தியோடு பேசினான். கம்பெனியில் ஸ்பேனரைக்கூட இரண்டு கையாலும் கொடுத்தான்.

பாவா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் மூடியே வைத்திருந்தார்.

"நல்லா இருக்குது சாமி," என்றார்.

பூபாலன் விடவில்லை. வாசனை என்ன வருகிறது என்று கேட்டான். பாவா எதிரில் தெரிந்த மலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாழைப்பழ வாசனை வருகிறது சாமி என்றார். தொண்டையில் எப்படி இருக்கிறது என்றதற்கு, விபூதியை வாயில் போட்டால் ஒரு மாதிரி இருக்கும் அல்லவா, அந்த மாதிரி என்றார். கசப்பு எப்படி என்றால், அதெல்லாம் சாமி புண்ணியத்தில் நல்ல கசப்பு என்றார்.

யோபு பாதி டம்ளர் குடித்துவிட்டு, கிராம்பு வாசனை என்று ஆரம்பித்தான். "ஆஸ்பத்திரி" என்று அடுத்து வாயில் வந்தது. சாமியின் கழுத்தைப் பார்த்தான். "ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்குது சாமி," என்று முடித்தான். சுத்தம் என்பது பீர்க்காரர்கள் புகழ்ந்து சொல்கிற சொல். பெங்களூரில் வெள்ளைக்காரர்களே அதைச் சொல்லிப் பூபாலன் கேட்டிருக்கிறான். கிராமத்துப் பிள்ளைக்கு நாக்கில் என்ன ஒரு ஞானம் என்று பூரித்துப்போனான்.

இருவரும் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி, காற்றாட நின்று குடிக்கிறோம் என்று மாடியின் அந்தக் கோடிக்குப் போனார்கள். திரும்பும்போது டம்ளர் காலியாக இருந்தது. சாமிக்கு மனசு நிறைந்தது.

வாழைப்பழம், கிராம்பு, திருநீறுபோல ஒரு வறட்சி, சுத்தம். அதோடு செக் நாட்டு ஹாப்ஸ். பூபாலன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தான். பெல்ஜியத்தில் வயல்வேலை செய்கிறவர்களுக்காக ஒரு காலத்தில் பண்ணைகளிலேயே காய்ச்சின சேசோன் என்ற ரகம் ஒன்று உண்டு. ஜெபஸ்டின் அதைக் காய்ச்சும்போது பக்கத்தில் நின்றிருக்கிறான். பழமும் மசாலாவும் கலந்து, வறண்டு முடியும். அப்படியானால் ஹாப்ஸ் முருங்கைக்காய் இல்லை, புளிதான். அதை மாற்றினதும் பேல் ஏல் சேசோனாக ஆகிவிட்டது. அமெரிக்காவுக்குப் போக வேண்டியதை, தான் அறியாமலே பெல்ஜியத்துக்குத் திருப்பியிருக்கிறோம். இது முருகன் செயல் இல்லாமல் வேறு என்ன?

மனசு இப்படி மிதந்துகொண்டிருந்தபோது அவன் கீழே இறங்கி வந்து, தையல் மெஷின் பக்கத்தில் நின்று, நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன், நான் காய்ச்சுவது நல்லா இருக்கிறதா இல்லையா என்று பிரபாவதியைக் கேட்டான். அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"மாலையக் கழட்டிட்டு கேளுங்க சாமி. அப்ப சொல்றேன்."

பூபாலனுக்குச் சுருக்கென்றது. ஊரே நன்றாக இருக்கிறது என்கிறது, வீட்டில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. பிரபாவதி அளவு விஷயத்தில் யாருக்கும் முகத்துக்காகப் பேசுகிறவள் இல்லை. ப்ளவுஸ் தைக்க வருகிறவர்களிடம், போன வருஷ அளவு இனி ஆகாது, பருத்துட்டீங்க என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். இதற்கும் அப்படித்தான் என்னவோ வைத்திருக்கிறாள். கோபம் மூக்கு வரைக்கும் வந்தது. மாலை போட்டவன் கோபப்படக் கூடாது என்பதால் அதையும் விழுங்கிக்கொண்டு குளிக்கப் போனான்.

இரண்டு பாட்டிலில் சேசோன் என்று எழுதி ஸ்டிக்கர் ஒட்டினான். யோபு ஒரு விசேஷத்துக்குப் பெங்களூர் போனபோது துணிக்குள் சுற்றி எடுத்துப்போய் ஜெபஸ்டினிடம் கொடுத்துவிட்டு வந்தான். அண்ணன் அன்றைக்கே திறக்கவில்லை என்று மட்டும் சொன்னான்.

ஆடிக் கிருத்திகை வந்தது. பூபாலன் புஷ்பக் காவடியைத் தோளில் வைத்து, அரோகரா என்று கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறினான். கால் சுட்டது, தோள் வலித்தது, கண்ணீர் வந்தது. அந்த நேரத்தில் பெங்களூர், பீர் எதுவும் நினைவில் இல்லை. தரிசனம் முடிந்து, மாலையைக் கழற்றினதும் கழுத்து லேசாகிவிட்டது. சரவணப்பொய்கைப் பக்கம் இறங்கி வந்தான். பாவா ஆட்டோவோடு காத்திருந்தார். அவர் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார்.

"மாலை கழட்டியாச்சா?"

"ஆச்சு பாவா."

"ஒழுங்கா கழட்டியாச்சா?"

"ஆங், ஆச்சுன்றேனே."

பாவா ஒரு மாசமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். "டேய் பூபாலா, அது இன்னாடா கண்றாவி? அத மனுசன் குடிப்பானா? வாழப்பழத்த அழுக வெச்சி பினாயில்ல கலக்கின மாதிரி. ராத்திரி பூரா ஏப்பத்துல நெயில் பாலிஷ் வாசன. ரெண்டாவது டம்ளர நானும் யோபுவும் மழத்தண்ணி போற குழாய்ல ஊத்திட்டோம்."

பூபாலன் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அப்படியானால் ஏன் நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்கள் என்று கேட்டான்.

"சாமிகிட்ட வேற இன்னாடா சொல்றது?" என்றார் பாவா. கேட்ட கேள்வியே அவருக்குப் புரியவில்லை. "மாலை போட்டுக்கினு ஒருத்தர் ஆசையா எதிர்ல நிக்கிறாரு. அவர் மனசு நோகற மாதிரி பேசி, அந்தப் பாவத்த நான் எங்க போயி கழுவறது?"

பூபாலனே எத்தனை சாமிகளிடம் எத்தனை தடவை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பான். மாலை போட்ட ஒருவர் வண்டியை இடித்துவிட்டால்கூட, பரவாயில்லை சாமி என்றுதான் சொல்லியிருக்கிறான். ஊர் வழக்கம் நன்றாகத் தெரிந்த ஆள், தன் கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு, உண்மையைச் சொல்லுங்கள் என்று ஊரைக் கூட்டி உட்கார வைத்திருக்கிறான். பெல்ஜியம் வேறு போய்விட்டு வந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போய், மிச்சமிருந்த ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தான். இரண்டாவது வாய் தேவைப்படவில்லை. பாவா சொன்னது எல்லாம் அதில் இருந்தது, கொஞ்சமும் கூட்டிச் சொல்லவில்லை. சூடு. நுரைக்கிற முதல் நாட்களில் ஈஸ்ட்டுக்குக் குளிர்ச்சி வேண்டும். வெயில் தகரத்துக்கு அடியில் உட்கார வைத்தால் அது புழுங்கிப்போய் வாழைப்பழத்தையும் நெயில் பாலிஷையும் கக்கும். தொட்டி கழுவினவனுக்கு இது தெரியும். ஒரு தடவை பெங்களூரில் குளிர் மெஷின் நின்றுபோய் ஒரு தொட்டி பூராவும் இப்படி ஆகி, அதைக் கழுவியவனே இவன்தான். பாவம், அந்த செக் நாட்டு ஹாப்ஸ் எங்கே என்று தேடினாலும் வாயில் அகப்படவில்லை. முருங்கைக்காயா புளியா என்று மாசம் பூரா மண்டையை உடைத்துக்கொண்டான். குழம்பே அடிப்பிடித்திருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. இதே கண்றாவி இரண்டு பாட்டில், சேசோன் என்று தன் கையெழுத்தோடு, ஜெபஸ்டின் மேஜையில் நிற்கிறது. அவர் கூப்பிடுவதற்கு முன்னால் நாமே கூப்பிட்டுவிடலாம் என்று போனை எடுத்தான். ஜெபஸ்டின் எடுத்ததும், நேற்றே திறந்துவிட்டேன் என்றார். அவர் மேலே பேசுவதற்குள் பூபாலன் முந்திக்கொண்டான்.

"அண்ணா, அது சேசோன் இல்லண்ணா. பேல் ஏல்தான், சாஸ் போட்டது. மொத நாளே தகர ஷெட்ல வெச்சிட்டேன், சூட்டுல கெட்டுப்போச்சு. மாலை போட்டுக்கினு இருந்ததால நான் குடிச்சுப் பாக்கல. கூட இருந்தவங்க சொன்னத வெச்சி எழுதிட்டேன்."

அந்தப் பக்கம் ஜெபஸ்டின் சிரிக்கிற சத்தம் வந்தது. அதே பக்கத்தில் பிறந்தவர் அல்லவா, விளக்கம் தேவைப்படவில்லை. சிரித்து முடித்துவிட்டு, இப்போது சொன்னதுதான் சரி, ஸ்டிக்கரில் இதையே எழுதியிருந்தால்கூடப் பேசியிருப்பேன் என்றார். ஆனால் முதலாளிக்கு ஒரு பாட்டில் காட்டியாக வேண்டும், இதைக் காட்ட முடியாது, புதன்கிழமை வேறு ஒருவனை வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் நீயே குடித்து நீயே பேர் சொல்கிற ஒன்று இருந்தால் எடுத்துக்கொண்டு வா என்றார்.

புதன்கிழமைக்குள் சாம்பார் வைக்கலாம், பீர் காய்ச்ச முடியாது. பூபாலன் போனை வைத்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்தான். தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளலாம் என்று பார்த்தான், அவனுக்கு அது கைவந்த கலை. அன்று வரவில்லை. இத்தனை வருஷம் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அது வாசல் வரைக்கும் வந்தது. தானே கதவைச் சாத்திவிட்டோம்.

கீழே மெஷின் சத்தம் நின்றது. பிரபாவதி படியடிக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"மாலையக் கழட்டியாச்சு. இன்னும் கேக்கல நீங்க," என்றாள்.

பூபாலன் கேட்க விரும்பவில்லை. ஒரே நாளில் எத்தனை உண்மையைத்தான் ஒருவன் தாங்குவான். இருந்தாலும் கேட்டான், நான் காய்ச்சுவது எப்படி இருக்கிறது என்று.

"இந்தத் தபா காய்ச்சினத நான் வாயிலயே வெக்கல. படியில எறங்கி வந்த வாசனையே போதும்னு இருந்துது," என்றாள். "சித்திரையில ஒண்ணு போட்டீங்களே, ஆரஞ்சுத்தோல் வாசன வருமே, அதுல நீங்க இல்லாதப்ப ஒரு டம்ளர் குடிச்சேன். எனக்குக் கசப்பே ஆகாது. அது நல்லா இருந்துதுங்க. நெசமாவே நல்லா இருந்துது. உங்க பாவா எல்லாத்தயும் தீத்துடுவாருன்னு ரெண்டு பாட்டில் எடுத்து பீரோவுல துணிக்கு அடியில வெச்சேன்."

அதை ஏன் நான் கேட்ட அன்றைக்கே சொல்லவில்லை என்று பூபாலன் கேட்டான்.

"ஊரே நல்லா இருக்குது சாமி, நல்லா இருக்குது சாமின்னு சொல்லிக்கினு இருந்துது. அதுல நானும் சொன்னா கும்பலோட கோவிந்தாவா போயிருக்கும். நான் சொல்றது அப்படிப் போகக் கூடாதுன்னு இருந்தேன்," என்று சொல்லிவிட்டு பீரோவைத் திறக்கப் போனாள்.

அந்த இரண்டு பாட்டிலில் ஒன்றை அன்றே, கூடத்தில் தைக்க வெட்டிய துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து திறந்தான். யாரையும் கேட்கவில்லை. நிறத்தைப் பார்த்தான், மோந்தான், குடித்தான். ஹாப்ஸ் வாசனை முக்கால்வாசி போயிருந்தது, ஆரஞ்சுத்தோல் எங்கோ தூரத்தில் இருந்தது. பார்லி பார்லியாக இருந்தது, கசப்பு அளவாக நின்றது. பேல் ஏல், கொஞ்சம் வயசான பேல் ஏல் என்றான். பாவாவைத் தப்பாகச் சந்தேகப்பட்டது நினைவுக்கு வந்து, பாதியை அவருக்கு என்று எடுத்து வைத்தான். பிறகு அதையும் அவனே குடித்துவிட்டான்.

இன்னொரு பாட்டிலைத் தானே பெங்களூருக்கு எடுத்துப்போனான். ஜெபஸ்டின் ஊற்றிக் குடித்துவிட்டு, ரகம் என்ன என்று கேட்டார். சொன்னான். குறை என்ன என்று கேட்டார். அதையும் சொன்னான். முதலாளி ஒரு டம்ளர் கேட்டு வாங்கினார்.

இப்போது பூபாலன் அங்கேதான் துணை ப்ரூவர். தொட்டியை இன்னும் அவனே கழுவிக்கொள்கிறான், மற்றவர்கள் தேய்ப்பது அவனுக்குப் பிடிப்பதில்லை. பிரபாவதி பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீடு பிடித்து மெஷினைப் போட்டுவிட்டாள். அவன் புதிதாக ஒன்று காய்ச்சினால் வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறாள். வேறு யாராவது டம்ளரைக் கீழே வைத்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னால், பூபாலன் நன்றி சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான்.